எவ்வளவு போட்டாலும் போதவில்லையா? நாய் வளர்ப்பு கேள்வி – பதில்

தெருவிலிருந்தும், கைவிடப்பட்ட கூண்டுகளிலிருந்தும் வீட்டுக்கு வந்த நாய்களின் சாப்பாட்டு வெறி பற்றியே இந்த முறை கடிதங்கள் அதிகம். கால்நடை மருத்துவரும் நாய்ப் பயிற்சியாளரும் சேர்ந்து பதில் சொல்கிறார்கள்.

கேள்வி: ஒரு மாதத்துக்கு முன் இரண்டு வயதுப் பெண் நாட்டு நாயைத் தத்து எடுத்தோம். 13 கிலோ இருக்கிறாள். தட்டு தரையைத் தொடுவதற்குள் காலி. சில நாள் அப்படியே வெளியே தள்ளிவிட்டு அதையே மறுபடி சாப்பிடுகிறாள். அரை மணி நேரத்தில் மீண்டும் அடுப்படி வாசலில் நிற்கிறாள். பாவமாக இருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் போடுகிறோம். சரியா? – வாசகி, திருச்சி

பதில்: பாவம் பார்த்துக் கூடப் போடுவதை மட்டும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். அவளுக்குக் குறைவது அளவு அல்ல, அடுத்த வேளை நிச்சயம் வரும் என்ற நம்பிக்கை. நேரம் கெட்ட நேரத்தில் கிடைக்கும் ஒவ்வொரு பிடியும், 'வாசலிலேயே நின்றால்தான் கிடைக்கும்' என்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிறது.

முதலில் வயிற்றைப் பாருங்கள். தத்து எடுத்த நாய்க்குப் பூச்சி மருந்து ஒரு தடவை கொடுத்தால் போதாது. இரண்டு மூன்று வார இடைவெளியில் இன்னொரு தடவை, அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அளவை எடை பார்த்து டாக்டர் சொல்லட்டும். நன்றாகத் தின்றும் எடை ஏறாமல், மலம் நிறைய, வெளிறி, எண்ணெய்ப் பசையோடு போனால் கணையம் செரிமான நீரைச் சுரக்கவில்லையோ என்று சந்தேகிக்க வேண்டும். அதற்கு வெறும் வயிற்றில் எடுக்கும் டி.எல்.ஐ. என்ற ரத்தப் பரிசோதனை உண்டு. பசியோடு தண்ணீரும் அதிகம் குடித்தால் சர்க்கரை நோயையும் பார்க்க வேண்டும். மருந்துகளையும் மறக்காதீர்கள். தோல் அரிப்புக்குக் கொடுக்கும் பிரெட்னிசோலோன், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபீனோபார்பிட்டோன் இரண்டுமே பசியைக் கிளப்பும். மாத்திரை கிளப்பும் பசியைப் பயிற்சியால் அடக்க முடியாது.

இனி அளவு. எடையின் 0.75 அடுக்கை 70-ஆல் பெருக்கினால் படுத்துக் கிடக்கும் நாய்க்கு ஒரு நாளைக்குத் தேவையான கலோரி கிடைக்கும். 13 கிலோவுக்கு அது சுமார் 480. கருத்தடை செய்த, ஓரளவு ஓடியாடும் நாய்க்கு இதை 1.6-ஆல் பெருக்குங்கள். ஏறத்தாழ 770 கலோரி வரும். கடையில் வாங்கும் டாக் ஃபுட் கிலோவுக்கு 3,600 கலோரி என்று பையில் போட்டிருந்தால், நாள் முழுவதற்கும் 215 கிராம். வீட்டுச் சாப்பாடு என்றால் வெந்த சாதம் 250 கிராம், எலும்பில்லாத வேகவைத்த கோழி 200 கிராம், ஒரு முட்டை, வேகவைத்த பரங்கிக்காயோ கேரட்டோ 100 கிராம். உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் கூடாது. முழுக்க வீட்டுச் சாப்பாடு என்றால் கால்சியம் குறையும். அதைச் சரிக்கட்டுவது பற்றி டாக்டரிடம் கேளுங்கள். டம்ளர் கணக்கு வேண்டாம். ஒரே டம்ளரில் நீங்கள் அள்ளுவதும் உங்கள் வீட்டுக்காரர் அள்ளுவதும் ஒன்றாக இருக்காது. சமையலறைத் தராசு வாங்கிவிடுங்கள். காலையிலேயே முழு நாளுக்கானதை நிறுத்து ஒரு டப்பாவில் போட்டு மூடினால், யார் எப்போது கொடுத்தாலும் அந்த டப்பாவிலிருந்துதான். டப்பா காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது.

முதல் இரண்டு மூன்று வாரம் இதை நான்கு வேளையாகப் பிரியுங்கள். காலை ஆறரை, பதினொன்றரை, மாலை நாலரை, இரவு ஒன்பது போல. அடுப்படி வாசலில் நிற்பது குறைந்ததும் மூன்று வேளை, பிறகு இரண்டு. இதில் ஒரு சிக்கல் உண்டு. நாய்க்கு நேரம் நன்றாகப் பிடிபட்டுவிட்டால் ஆறே காலுக்கே கத்த ஆரம்பிக்கும். அதனால் கடிகாரத்தோடு ஓர் அடையாளத்தையும் சேருங்கள். தகர டப்பாவை இருமுறை தட்டுவது போதும். தட்டினால் சோறு, தட்டாவிட்டால் இல்லை. பிடிபட்ட பிறகு நேரத்தை அரை மணி முன்பின் தள்ளினாலும் பதற்றம் வராது. தட்டை நிரப்பி நாள் முழுக்க வைத்துவிட்டால் சலித்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். பட்டினி பார்த்த நாய் சலித்துக்கொள்ளாது, வயிறு உப்பும்வரை தின்னும். மிச்சம் ஏதாவது இருந்தால் எறும்புக்குப் போகும்.

வேகத்தைக் குறைக்க விலை உயர்ந்த கிண்ணம் தேவையில்லை. தயிர்சாதம் மாதிரிக் குழைவானதை இட்லித் தட்டின் குழிகளில் அழுத்திவிடுங்கள். நக்கி நக்கித்தான் எடுக்க முடியும். உலர்ந்த டாக் ஃபுட் என்றால் பழைய இரும்புப் பணியாரக்கல். கனமாக இருப்பதால் கவிழ்க்க முடியாது. நான்ஸ்டிக் கல் வேண்டாம், பூச்சு சுரண்டி வயிற்றுக்குள் போகும். தேங்காய்ச் சிரட்டையும் வேண்டாம், கடித்துச் சில்லாக்கி விழுங்கிவிடும். இன்னொரு வழி, பழைய துண்டைத் தரையில் விரித்து மேலே தூவித் தளர்வாகச் சுருட்டிக் கொடுப்பது. ஆரம்பத்தில் மிக எளிதாக இருக்கட்டும். முடிச்சுப் போட்ட துண்டு, மூடி திருகும் விளையாட்டுச் சாமான் என்று முதல் வாரமே கொடுத்தால் அவள் துண்டையே கிழித்து விழுங்குவாள், அல்லது பக்கத்தில் வருபவரைப் பார்த்து உறுமுவாள். கையில் எட்டிய சாப்பாடு வாய்க்கு எட்டாதபோது பழைய பயம்தான் தலைதூக்கும்.

மெதுவாகச் சாப்பிட்ட பிறகும் மெல்லாத உணவு குழாய் வடிவில் அப்படியே வெளியே வந்துகொண்டிருந்தால் உணவுக்குழாயில் கோளாறு இருக்கலாம். எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் நாய் மற்ற நேரத்தில் குழந்தை மாதிரி. சாப்பிடும்போது மட்டும் யார் பக்கத்தில் போனாலும் உறுமுகிறான். 'சாப்பிடும்போதே தட்டை எடுத்து எடுத்துக் கொடு, தானாகப் பழகும்' என்கிறார் மாமியார். வீட்டில் ஆறு வயதுப் பையன் இருக்கிறான். – வாசகி, ஈரோடு

பதில்: அத்தை சொல்வது பல வீடுகளில் பரம்பரையாக வரும் யோசனை. அதனால் கடிபட்டவர்களும் அதிகம். தட்டைப் பறிப்பார்கள் என்று அவன் பயப்படுகிறான். நீங்கள் பறித்தே காட்டினால் அவன் பயந்தது சரிதான் என்றாகிவிடுகிறது. தட்டுக்குள் கைவிட்டு அளைவதும் அப்படித்தான்.

உறுமினால் திட்டவோ அடிக்கவோ வேண்டாம். உறுமல் எச்சரிக்கை. அதை அடித்து அடக்கினால் பயம் போகாது, எச்சரிக்கை மட்டும் போகும். அடுத்தமுறை சத்தமில்லாமல் கடிப்பான். உறுமலுக்கு முன்பே வரும் அடையாளங்களைப் பழகிக்கொள்ளுங்கள். திடீரென்று வேகமாகத் தின்பான், தலை தட்டின்மேல் கவிழும், உடம்பு விறைக்கும், தலை அசையாமல் கண்ணின் வெள்ளை மட்டும் ஓரமாகத் தெரியும்.

பையன் விஷயம் முதலில். நாய் சாப்பிடும் இடம் கதவு சாத்தக்கூடிய அறையாக இருக்க வேண்டும். முடித்து, அவன் வெளியே வந்த பிறகு பெரியவர் போய்த் தட்டை எடுக்க வேண்டும். பயிற்சியில் பையன் வேண்டவே வேண்டாம். அவன் கையில் முறுக்கோ பிஸ்கெட்டோ வைத்துக்கொண்டு தரையில் உட்காருவதையும் இப்போதைக்கு நிறுத்துங்கள்.

பெரியவர்கள் செய்ய வேண்டியது இது. தட்டில் சாதாரணச் சாப்பாடு. உங்கள் கையில் அதைவிடச் சுவையான ஒன்று, வேகவைத்த கோழி ஈரலைச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கியது. எவ்வளவு தூரத்தில் நின்றால் அவன் எந்த மாற்றமும் இல்லாமல் சாப்பிடுகிறான் என்று பாருங்கள். எட்டடி என்று வைத்துக்கொள்வோம். அவன் பார்வையில் படும்படி எட்டடிவரை நடந்து வாருங்கள், ஒரு துண்டைத் தட்டுக்குப் பக்கத்தில் போடுங்கள், உடனே திரும்பிப் போய்விடுங்கள். ஒரு வேளைக்கு எட்டு, பத்து தடவை. நீங்கள் வந்ததும் தலையைத் தூக்கி, உடம்பு தளர்ந்து, வால் ஆட 'எங்கே?' என்பதுபோலப் பார்த்தால் வேலை நடக்கிறது. தொடர்ந்து இரண்டு வேளை அப்படிப் பார்த்த பிறகே அரை அடி நெருங்கலாம். விறைத்தால் இரண்டடி பின்வாங்குங்கள். தட்டுவரை போக ஒரு மாதமும் ஆகலாம், இரண்டும் ஆகலாம்.

கெடுவது பெரும்பாலும் மூன்று இடத்தில். போட்டுவிட்டு அங்கேயே நின்று பார்ப்பது ஒன்று. நீங்கள் போய்விடுவதும் அவனுக்குப் பரிசுதான். பின்னாலிருந்து வந்து திடுக்கிட வைப்பது இன்னொன்று. நான்கு நாள் நன்றாகப் போனதும் ஒரே தாவாக மூன்றடி நெருங்குவது மூன்றாவது, இதுதான் அதிகம். உங்களிடம் பழகிவிட்டான் என்பதால் உங்கள் கணவரிடமும் பழகிவிட்டதாக அர்த்தமில்லை. ஒவ்வொருவரும் எட்டடியிலிருந்து தொடங்க வேண்டும்.

பல் தோலில் பட்டிருந்தால், நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவமனைகளில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி இலவசம். ஏற்கெனவே கடித்த நாய் என்றால் மேலே சொன்னதை நீங்களாகத் தொடங்காமல், அனுபவமுள்ள பயிற்சியாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

கேள்வி: பைபாஸ் ஓரம் எலும்பும் தோலுமாகக் கிடந்த நாயைத் தூக்கி வந்திருக்கிறோம். சுமார் 10 கிலோ. வயிறு நிறையப் பால்சோறு போடலாமா? – வாசகர், விழுப்புரம்

பதில்: போடாதீர்கள். பல நாள் பட்டினி கிடந்த உடம்புக்குள் சோறும் சர்க்கரையும் மொத்தமாகப் போனால் இன்சுலின் எகிறும், அது ரத்தத்திலிருக்கும் பாஸ்பரஸையும் பொட்டாசியத்தையும் செல்களுக்குள் இழுத்துக்கொள்ளும். ரத்தத்தில் பாஸ்பரஸ் சரிந்தால் தசை தளரும், ரத்த அணுக்கள் உடையும், இதயம் தடுமாறும். 'நன்றாகத்தான் சாப்பிட்டது, மூன்றாம் நாள் போய்விட்டது' என்று கேள்விப்படுகிறோமே, அதில் சில சாவுகள் இப்படித்தான்.

முதல் பதிலில் சொன்ன 'படுத்துக் கிடக்கும் நாய்' கணக்குப்படி இன்றைய எடைக்குச் சுமார் 400 கலோரி. முதல் நாள் அதில் கால் பங்கு, 100 கலோரிதான். ஒரு முட்டையும் 15 கிராம் கோழிக்கறியும் வேகவைத்தால் கணக்கு சரியாகிவிடும். அதையும் ஐந்தாறு பங்காக்கி நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. பார்க்கக் கொடுமையாக இருக்கும், ஆனாலும் கூட்டாதீர்கள். நான்கைந்து நாளில் படிப்படியாக 400-க்கு ஏற்றுங்கள். அதற்குமேல் எடையேற்றுவது அடுத்த கட்டம். இதெல்லாம் டாக்டர் பார்த்த பிறகு. சாப்பாடு தொடங்கும் முன் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும், இடையிடையே பாஸ்பரஸ், பொட்டாசியம் பரிசோதனையும் தேவைப்படலாம். தண்ணீரை எப்போதும் வையுங்கள்.

கேள்வி: நடை கூட்டிப்போனால் கண்ணில் பட்டதெல்லாம் வாய்க்குள். எலும்பு, பாலிதீன் பை, குழந்தைகளின் டயப்பர்கூட. வாயைப் பிளந்து எடுக்கப் போனால் விழுங்கிவிடுகிறது. – வாசகர், சென்னை

பதில்: பிடுங்கப் பிடுங்க விழுங்கும் வேகம்தான் கூடும். முதலில் பாதையை மாற்றுங்கள். கறிக்கடை, கல்யாண மண்டபத்தின் பின்பக்கம், குப்பைத்தொட்டி முனை எல்லாம் சில வாரம் வேண்டாம். கயிறு நாலடிக்கு மேல் வேண்டாம். கிளம்பும் முன் அன்றைய அளவில் கொஞ்சம் கொடுத்துவிடுங்கள்.

வீட்டில் 'விடு' பழக்குங்கள். மூடிய கைக்குள் ஒரு தீனித் துண்டு. முகரட்டும், சுரண்டட்டும், கையைத் திறக்காதீர்கள். மூக்கை விலக்கிய அந்த நொடியில் மற்றக் கையிலிருந்து வேறொரு துண்டு. கைக்குள் இருப்பதைக் கொடுக்கவே கூடாது. கொடுத்தால் 'விடு' என்பதை 'கொஞ்சம் பொறு, அப்புறம் இதுவே கிடைக்கும்' என்று எடுத்துக்கொள்ளும். பத்துக்கு எட்டு தடவை உடனே விலக்கினால் கையைத் திறந்து, பிறகு தரையில் வைத்துக் காலால் மூடத் தயாராக, பிறகு கயிற்றில் நடந்தபடி, கடைசியாகத் தெருவில். வாயில் ஏற்கெனவே கவ்வியிருந்தால் ஒரு பிடி கோழித் துண்டைத் தரையில் இறையுங்கள். குனிந்து பொறுக்கும்போது கவ்வியது விழும்.

அதுவரை கம்பிக்கூடை மாதிரியான வாய்மூடி போடலாம். வாயை இறுக்கிக் கட்டும் துணி வகை வேண்டவே வேண்டாம். நாய் மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டைத் தணிக்கும், சென்னை வெயிலில் அதை அடைப்பது ஆபத்து. கூடைக்குள் தயிர் தடவி, தானாக மூக்கை நுழைக்க ஒரு வாரம் பழக்கிய பிறகே பட்டையை மாட்டுங்கள்.

மாங்கொட்டை, மக்காச்சோளக் கட்டை, சமைத்த எலும்பு இவை விழுங்கப்பட்டால் கவனம். அடுத்த சில நாளில் திரும்பத் திரும்ப வாந்தி, சாப்பாடு மறுப்பு, மலம் போகாமை என்றால் குடல் அடைப்பாக இருக்கலாம். எலி மருந்து என்றால் அறிகுறிக்குக் காத்திராமல் மருந்தின் அட்டையோடு டாக்டரிடம் ஓடுங்கள். வாந்தி எடுக்க வைக்க உப்புத் தண்ணீர் ஊற்றாதீர்கள், உப்பே விஷமாகும்.

கேள்வி: தரையில் இலை போட்டுச் சாப்பிடும் வீடு எங்களுடையது. நாய் இலைக்கே வந்துவிடுகிறது. கட்டிப்போட்டால் ஊளை. – வாசகி, கும்பகோணம்

பதில்: நீங்கள் உட்காரும் முன் அதற்குச் சாப்பாடு முடிந்திருக்கட்டும். ஒரு சாக்கை இடமாகக் குறியுங்கள். சாக்கில் நான்கு காலும் பட்டால் ஒரு தீனித் துண்டு, படுத்தால் துண்டு, படுத்தே இருந்தால் ஐந்து நொடிக்கு ஒன்று, பிறகு பத்து, முப்பது நொடிக்கு ஒன்று. துண்டு எப்போதும் சாக்கின்மேல் விழ வேண்டும், உங்கள் இலையிலிருந்து போகக் கூடாது. இதைச் சாப்பாட்டு நேரமில்லாத வேளையில் ஒரு வாரம் பழக்குங்கள். பந்தி நேரத்தில், முதல் பதிலில் சொன்னபடி தீனி தூவிச் சுருட்டிய பழைய துணித் துண்டைச் சாக்கில் வைத்து, கயிற்றைத் தூணில் கட்டிவிடுங்கள். பழகும்வரை கயிறு காவல்.

ஒன்று மட்டும் விசாரியுங்கள். வீட்டில் யாரோ ஒருவர், பெரும்பாலும் தாத்தா, யாருக்கும் தெரியாமல் அப்பளம் நீட்டிக்கொண்டிருப்பார். பத்து நாளைக்கு ஒரு அப்பளம் போதும், ஒன்பது நாளும் அது நம்பிக்கையோடு காத்திருக்கும். அவரிடமே சாக்குப் பயிற்சியை ஒப்படையுங்கள். கொடுக்கும் ஆசையும் தீரும்.

கேள்வி: குட்டி போடவைத்தே ஓய்ந்துபோன ஆறு வயது லேப்ரடாரை எடுத்து வளர்க்கிறேன். எல்லாப் பரிசோதனையும் நார்மல். பசி மட்டும் அடங்கவில்லை. – வாசகர், கோவை

பதில்: சில லேப்ரடார்களுக்கு அது ரத்தத்திலேயே இருக்கிறது. 'போதும்' என்ற செய்தியை மூளைக்குச் சொல்லும் பாதையில் பி.ஓ.எம்.சி. என்று ஒரு மரபணு உண்டு. அதில் ஒரு துண்டு விடுபட்டிருப்பதை கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016-இல் கண்டுபிடித்தார்கள். லேப்ரடார்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு இது இருக்கிறது. உங்கள் நாயும் அப்படியானால் பசி அடங்குமென்று காத்திராதீர்கள். குப்பைக்கூடைக்கு மூடி, அடுப்படிக்குக் கதவு, அரிசி டின்னுக்குப் பூட்டு. வேகவைத்த பீன்ஸ், வெள்ளரி, சுரைக்காய் சேர்த்துத் தட்டை நிறைவாக்குங்கள். குளுக்கோஸ் பிஸ்கெட்டை விடுங்கள், 100 கிராமில் 450 கலோரி அளவுக்கு இருக்கிறது. தீனி எதுவானாலும் அன்றைய கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. விலாவைத் தடவினால் எலும்பு கையில் தட்டுப்பட வேண்டும், அழுத்தித் தேடினால்தான் தட்டுப்படுகிறது என்றால் எடை அதிகம்.

கேள்வி: மீட்டெடுத்த சிப்பிப்பாறை. இரண்டு மாதமாக நன்றாகச் சாப்பிட்டும் விலா தெரிகிறது. இன்னும் கூட்டலாமா? – வாசகர், சிவகாசி

பதில்: கடைசி இரண்டு மூன்று விலா தெரிவதும் வயிறு ஒட்டியிருப்பதும் அந்த இனத்தின் வாகு. இடுப்பெலும்பும் முதுகுமுள்ளும் துருத்தினால்தான் மெலிவு. ஆழ்ந்த மார்புள்ள நாய் ஒரேயடியாக, அவசரமாகத் தின்பதில் வேறு அபாயம் உண்டு. இரைப்பை காற்றால் உப்பி முறுக்கிக்கொள்ளும். வயிறு பறை போல விம்மி, ஓங்கரித்தும் எதுவும் வராமல், நிலைகொள்ளாமல் தவித்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். சில மணி நேரத்தில் உயிர் போகும், அறுவைச் சிகிச்சைதான் வழி. இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துப் போட்டு, சாப்பிட்டவுடன் ஓடவிடாமல் பாருங்கள்.

கேள்வி: தன் மலத்தையே தின்கிறது. சத்துக் குறைவா? – வாசகி, தேனி

பதில்: பூச்சியையும் கணையத்தையும் முதல் பதிலில் சொன்னபடி பார்த்துவிடுங்கள். இரண்டும் இல்லையென்றால் பெரும்பாலும் பழக்கம்தான். கயிற்றில் வெளியே கூட்டிப்போய், மலம் கழித்து முடித்ததும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒரு கையால் தீனித் துண்டு கொடுங்கள், மற்றக் கையால் உடனே அள்ளிவிடுங்கள். அலறித் துரத்தினால் அவசரமாக விழுங்கும்.

கேள்வி: இந்த வெறி எப்போதாவது போகுமா? பொங்கலுக்கு ஐந்து நாள் ஊருக்குப் போக வேண்டும், பக்கத்து வீட்டில் விடலாமா? – வாசகர், மதுரை

பதில்: 1944–45-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 இளைஞர்கள் தாங்களாக முன்வந்து ஆறு மாதம் அரைப்பட்டினி கிடந்தார்கள். அவர்களில் பலர் தட்டை நக்கினார்கள், சமையல் புத்தகங்களையே படித்துக்கொண்டிருந்தார்கள். சாப்பாடு திரும்பக் கிடைத்த பின்னும் வயிறு நிறைந்தாலும் பசி தீராத நிலை பலருக்கு மாதக்கணக்கில் நீடித்தது. விவரம் புரிந்த மனிதர்களுக்கே அப்படி. பெரும்பாலான நாய்களிடம் ஒன்றிரண்டு மாதத்தில் தெளிவான மாற்றம் தெரியும். தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைத்துவிட்டு எழுந்து போகும் நாள் வரும், அதைக் குறித்துவையுங்கள். சில நாய்களிடம் கொஞ்சம் கடைசிவரை இருக்கும்.

ஊருக்குப் போவதென்றால், ஐந்து நாள் சாப்பாட்டையும் வேளைக்கு ஒரு பொட்டலமாக நிறுத்துக் கட்டி, மேலே நாளும் நேரமும் எழுதிக் கொடுங்கள். அதே தட்டு, அதே சாக்கு, அதே தகர டப்பாவையும் கூடவே அனுப்புங்கள். முடிந்தால் போவதற்கு முன் மூன்று நான்கு வேளை அந்த வீட்டுக்காரர் கையாலேயே போடச் சொல்லுங்கள். அந்த வீட்டில் இன்னொரு நாய் இருந்தால் சாப்பாடு தனித்தனி அறையில், கதவு சாத்தி. கரும்பும் சக்கரைப் பொங்கலும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். திராட்சை விழுந்த பொங்கல் என்றால் கட்டாயம் சொல்லுங்கள், உலர்ந்த திராட்சை நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும்.